54 ஆயிரம் கன அடிக்குக் கட்டிய பாலமும் 2 லட்சம் கன அடி வெள்ளமும்

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த கையோடு ஒரு செய்தி வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே, அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய உயர்மட்டப் பாலம் வெள்ளத்தில் போய்விட்டது. திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அரசுத் தரப்பில் சொன்ன விளக்கம் இது: வினாடிக்குச் சுமார் 54,000 கன அடி நீர் வரும் என்று கணக்கிட்டுப் பாலத்தை வடிவமைத்தோம், வந்ததோ ஏறக்குறைய 2 லட்சம் கன அடி.

ஒரு பக்கம் "தரமில்லாத வேலை" என்றார்கள். இன்னொரு பக்கம் "இயற்கைச் சீற்றத்துக்கு என்ன செய்ய முடியும்" என்றார்கள். நடுவில் ஒரு கேள்வி கவனிக்கப்படாமலே போனது. அந்த 54,000 என்ற எண் எங்கிருந்து வந்தது? சாலை, ரயில் பாதை, பாலம், விமான நிலையம் ஆகியவற்றைப் பருவநிலை மாற்றத்துக்குத் தயார் செய்ய வேண்டும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறோம். அந்தப் பேச்சில் பெரும்பகுதி இந்த மாதிரி எண்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பற்றியதுதான். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

வடிவமைப்பு வெள்ளம் என்றால் என்ன?

ஆற்றில் வரக்கூடிய மிகப் பெரிய வெள்ளம் எதுவோ அதற்கே ஒவ்வொரு பாலத்தையும் கட்டினால் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே பொறியாளர்கள் ஓர் அளவை முடிவு செய்துகொள்கிறார்கள். "இந்த அளவு வெள்ளம் வரை பாலம் எந்தச் சேதமும் இல்லாமல் நிற்க வேண்டும்." இதுதான் வடிவமைப்பு வெள்ளம்.

அதை முடிவு செய்யும் முறை சுருக்கமாக இப்படி:

1. அந்த ஆற்றில், அல்லது அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில், கடந்த பல ஆண்டுகளில் பதிவான மழையையும் வெள்ளத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

2. அவற்றை வைத்து, எவ்வளவு பெரிய வெள்ளம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று புள்ளியியல் முறையில் மதிப்பிடுகிறார்கள். இதற்கு 'மீள்வருகைக் காலம்' என்று பெயர்.

3. கட்டுமானத்தின் முக்கியத்துவத்துக்கு ஏற்ப ஒரு காலத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தியாவில் சிறுபாலங்களுக்குப் பொதுவாக 50 ஆண்டு வெள்ளம், பெரிய சாலைப் பாலங்களுக்கு 100 ஆண்டு வெள்ளம். ரயில்வேயிலும் வழக்கமாக 50 ஆண்டு, முக்கியமான பாலங்களுக்கு 100 ஆண்டு.

4. அந்த வெள்ளம் வரும்போது நீர்மட்டம் எவ்வளவு உயரும், எவ்வளவு வேகத்தில் ஓடும், ஆற்றின் அடிமண்ணை எவ்வளவு ஆழம் அரிக்கும் என்று கணக்கிட்டு, பாலத்தின் உயரத்தையும் நீளத்தையும் அஸ்திவார ஆழத்தையும் முடிவு செய்கிறார்கள்.

'50 ஆண்டு வெள்ளம்' என்ற சொல்லே பலரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது. 50 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும், போன வருடம் வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு 100க்கு 2 வாய்ப்பு இருக்கிறது என்பதுதான். போன வருடம் வந்ததை இந்த வருட மழை நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இந்த 2 சதவீதம் வருடக் கணக்கில் சேர்ந்தால் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். 30 ஆண்டுக்குள் அந்த வெள்ளம் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 45 சதவீதம். 50 ஆண்டுக்குள் 64 சதவீதம். அதாவது பழைய மழையே மாறாமல் பெய்தாலும், 50 ஆண்டு வெள்ளத்துக்குக் கட்டிய ஒரு சிறுபாலம் தன் வாழ்நாளில் அதைவிடப் பெரிய வெள்ளத்தைச் சந்திக்காமல் தப்புவதைவிடச் சந்திப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இப்போது அந்த 50 ஆண்டு வெள்ளம் 20 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளமாக மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 30 ஆண்டு வாய்ப்பு 45இலிருந்து 79 சதவீதமாக ஏறிவிடும். பாலம் அதே பாலம்தான். கம்பியும் சிமெண்டும் ஒன்றும் குறையவில்லை. கணக்குக்கு அடியில் இருந்த மழை மாறிவிட்டது. தரம் பற்றிய கேள்வியையும் இந்த எண் பற்றிய கேள்வியையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது இதனால்தான். நல்ல தரத்தில் கட்டிய பாலமும் தவறான எண்ணுக்குக் கட்டினால் போய்விடும். சரியான எண்ணுக்குக் கட்டியது மோசமான தரத்தாலும் போகும்.

மழை ஏன் பழைய பதிவை மீறுகிறது?

காற்று ஒரு டிகிரி சூடாகும்போது அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. இது பழைய இயற்பியல். இதில் சர்ச்சை இல்லை. கடலும் சூடாவதால் அந்த நீராவியும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆண்டு மொத்த மழை பெரிதாகக் கூடாத இடத்திலும், ஒரே நாளில் கொட்டும் மழை கூடுவதற்கு இது வழி செய்கிறது. அப்புறம், புயல் எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்கிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு பல மணி நேரம் அசையாமல் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை.

ஒரு தனிப் புயலைக் காட்டி "இது பருவநிலை மாற்றத்தால் மட்டுமே வந்தது" என்று சொல்ல முடியாது. பாலம் கட்டுபவருக்கு அந்த வழக்கில் தீர்ப்பு தேவையும் இல்லை. கடந்த 40 ஆண்டு மழைப் பதிவு அடுத்த 100 ஆண்டு மழைக்குப் போதுமான வழிகாட்டியா என்று தெரிந்தால் போதும். போதாது என்பதுதான் பதில்.

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. அந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட, காயல்பட்டினத்தில் அந்த ஒரு நாளில் பெய்தது அதிகம்.

இந்த 95 சென்டிமீட்டரை ஒரு சாலைப் பொறியாளரின் கண்ணால் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் அவ்வளவு மழை பெய்தால் மொத்தம் 95 கோடி லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் சுமார் 79,000 லாரி. நிலம் ஏற்கெனவே ஊறி, குளங்கள் நிறைந்திருந்தால் கிட்டத்தட்ட அத்தனையும் ஓடித்தான் ஆக வேண்டும். 24 மணி நேரத்தில் சீராக ஓடினாலே வினாடிக்கு 11 கன மீட்டர். சாலைக்கு அடியில் போடும் ஒரு மீட்டர் விட்டமுள்ள குழாய் வினாடிக்கு ஒன்றரை கன மீட்டர் அளவில் நீரைக் கடத்தும். அப்படியானால் ஒவ்வொரு சதுர கிலோமீட்டருக்கும் ஏழு குழாய் வேண்டும். அதுவும் பாதி மண் அடைக்காத, கருவேல முள்ளும் பிளாஸ்டிக் பையும் வாயில் சிக்காத ஏழு குழாய். மழை சீராகவும் பெய்வதில்லை. உச்ச நேரத்தில் இது பல மடங்கு.

சாலையும் ரயில் பாதையும் அணையாக மாறும் நேரம்

வெள்ளக் காலத்தில் பாலத்தைவிட அதிகமாக உடைவது, பாலத்துக்கும் பாலத்துக்கும் நடுவே கிடக்கும் சாதாரண மண்கரை. ஏன் என்று புரிந்துகொள்ள திருநெல்வேலி – திருச்செந்தூர் ரயில் பாதையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்தப் பாதை பெரும்பாலும் தாமிரபரணிக்குத் தென்பக்கமாகவே போகிறது. சுற்றிலும் வயல், வாய்க்கால், குளம். மருதூர் அணைக்கட்டிலிருந்து மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வடகால், தென்கால் என்று நான்கு கால்வாய்கள் வரிசையாகக் குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். நூற்றாண்டுக் கணக்கில் பழகிய ஏற்பாடு அது. இப்படிப்பட்ட நிலத்தில் கொஞ்ச உயரத்துக்கு ஒரு மண்கரை போட்டுத் தண்டவாளத்தை வைக்கிறோம். கோடையில் அது ரயில் பாதை. பெருமழையில், குளங்கள் உடைந்து தண்ணீர் வயல் முழுக்கப் பரவி வரும்போது, அதே கரை பல கிலோமீட்டர் நீளமுள்ள அணை. அணைக்கு மதகும் கலிங்கும் கணக்குப் போட்டு வைப்போம். இந்த அணைக்கு இருப்பதெல்லாம் ஆங்காங்கே வைத்த சிறுபாலங்களின் கண்கள், அதாவது நீர் போகும் திறப்புகள், மட்டுமே.

அந்தக் கண்கள் போதாமல் போனால் நடப்பது படிப்படியாக இது:

1. கரையின் மேல்பக்கம் நீர் தேங்கி மட்டம் ஏறுகிறது. அந்தப் பக்கம் இருக்கும் ஊர் முதலில் மூழ்குகிறது.

2. மட்டம் கரையின் தலையைத் தொட்டதும், ஸ்லீப்பர் கட்டைகளுக்கு இடையிலும் அடியிலும் கிடக்கும் ஜல்லி வழியாக நீர் பாய ஆரம்பிக்கிறது. அந்த ஜல்லி எலுமிச்சம்பழ அளவுக் கருங்கல். ரயிலின் எடையைத் தாங்கி மண்ணுக்குப் பரப்பத்தான் அது கொட்டப்படுகிறது. ஓடும் நீரைத் தாங்க அல்ல. அது உருண்டு போகிறது.

3. மறுபக்கம் வழியும் நீர் கரையின் அடிக்கால் மண்ணைத் தோண்டுகிறது. பள்ளம் பின்னோக்கி நகர்ந்து கரையைத் தின்றுகொண்டே வருகிறது. கரை உடைவது பெரும்பாலும் தண்ணீர் தேங்கும் பக்கத்திலிருந்து அல்ல, வழியும் பக்கத்திலிருந்துதான்.

4. கடைசியில் கரை போய்விடும், தண்டவாளம் மட்டும் நிற்கும். கான்கிரீட் கட்டைகள் கிளிப்போடு தண்டவாளத்தில் பிணைந்திருப்பதால், ஏணியைக் கிடையாகக் கட்டித் தொங்கவிட்டதுபோல அந்தரத்தில் கிடக்கும். ஒரு கட்டையின் எடை ஏறக்குறைய 280 கிலோ. 20 மீட்டருக்குக் கரை போயிருந்தால், தண்டவாளத்தின் எடையையும் சேர்த்துச் சுமார் 12 டன் அந்தரத்தில் தொங்குகிறது என்று அர்த்தம்.

இதில் பயங்கரம் எங்கே என்றால், தண்டவாளம் தொடர்ச்சியாக இருப்பதால் இரவில் என்ஜின் விளக்கு வெளிச்சத்தில் ஓட்டுநருக்குப் பாதை சரியாக இருப்பதுபோலவே தெரியக்கூடும். அடியில் மண் இல்லை என்பது கிட்ட வந்தால்தான் தெரியும்.

2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே இதுதான் நடந்தது. அந்தரத்தில் தொங்கிய தண்டவாளத்தின் படங்களை எல்லோரும் பார்த்தோம்.

'சாலையை உயர்த்துங்கள்' என்ற கோரிக்கையில் இருக்கும் ஆபத்தும் இங்கே விளங்கும். கண்களைக் கூட்டாமல் கரையை மட்டும் ஒரு மீட்டர் உயர்த்தினால், அடுத்த மழையில் சாலை தப்பிக்கலாம். மேல்பக்கத்து ஊரில் ஒரு மீட்டர் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும். அப்புறம் நடுராத்திரியில் ஊர்க்காரர்களே ஜேசிபி வைத்துச் சாலையை வெட்டிவிடும் நிலை வருகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வைக்காமல் விட்ட கண்ணை அவர்கள் வைக்கிறார்கள்.

நகரத்திலும் இதே கதைதான். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, சாலை வீட்டுப் படிக்கு மேலே ஏறிவிட்டது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டதற்குக் காரணம் இதுதான்.

பாலம் எங்கே தோற்கிறது?

பாலம் என்றால் நம் கண் மேலே இருக்கும் தளத்துக்குப் போகும். வெள்ளத்தில் ஆபத்து வரும் இடங்கள் வேறு.

முதலாவது, அடிமண் அரிப்பு. தூணைச் சுற்றிச் சுழலும் நீர் ஆற்று மணலைத் தோண்டிக்கொண்டே போகும். வெள்ளம் வடிந்ததும் புது மணல் வந்து பள்ளத்தை மூடிவிடுவதால், எவ்வளவு ஆழம் போனது என்று பிறகு பார்த்தாலும் தெரியாது. நம் நாட்டுப் பால விதிகளில் உள்ள சூத்திரப்படி, பாலத்தின் அதே அகலத்துக்குள் நான்கு மடங்கு நீர் புகுந்தால் அரிப்பு ஆழம் சுமார் இரண்டரை மடங்காகும். 54,000 கன அடிக்கு அஸ்திவாரம் வைத்த இடத்தில் 2 லட்சம் கன அடி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே போதும். மணல் அள்ளிய ஆறாக இருந்தால், வெள்ளம் வரும் முன்பே அந்த ஆழத்தில் ஒரு பங்கை நாமே தோண்டி வைத்திருக்கிறோம். 2018 ஆகஸ்டில் திருச்சி கொள்ளிடத்தில் 1928ஆம் ஆண்டுப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தது இந்த வகைச் சேதம்தான்.

இரண்டாவது, இணைப்புச் சாலை. பாலம் கான்கிரீட்; அதன் இரண்டு முனையிலும் வந்து சேரும் சாலை மண். ஆறு பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கும்போது முதலில் கரைவது இந்த முனைதான். 2023 வெள்ளத்தில் ஏரல் தாமிரபரணிப் பாலத்தில் இணைப்புச் சாலை அரித்துப்போய், ஆற்றைக் கடக்க வழியில்லாமல் மக்கள் தவித்தார்கள். முனைகளில் கல் பதிக்கவும் தடுப்புச் சுவர் கட்டவும் ஆகும் செலவு பாலத்தின் மொத்தச் செலவில் சிறு பங்கு. திட்ட மதிப்பீட்டில் பணம் பற்றாதபோது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

மூன்றாவது, மேலே இருக்கும் அணையோடு தொடர்பில்லாமல் பாலத்தைத் திட்டமிடுவது. தென்பெண்ணையில் அன்று சாத்தனூர் அணையிலிருந்து மட்டுமே வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. அணை நிரம்பினால் எவ்வளவு திறக்க வேண்டியிருக்கும் என்பது நீர்வளத் துறைக்குத் தெரிந்த கணக்கு. கீழே கட்டும் பாலத்தின் கோப்பில் அந்த எண்ணுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய விஞ்ஞானக் கோரிக்கை ஒன்றும் இல்லை.

வெயில்: கண்ணுக்குத் தெரியாத அழுத்தம்

முன்பெல்லாம் தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்கும். ரயில் 'தடக் தடக்' என்று போகும். இப்போது நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். பயணம் சுகம், பராமரிப்பும் குறைவு. ஆனால் இரும்பு சூட்டில் விரியும். ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் 36 சென்டிமீட்டர் நீளப் பார்க்கும். பற்றவைத்துக் கட்டைகளோடு இறுக்கிவிட்டதால் நீள முடியாது. நீள முடியாத அந்த ஆசை அழுத்தமாக மாறுகிறது: கனமான தண்டவாளம் ஒவ்வொன்றிலும் சுமார் 55 டன். ஜல்லி பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கும் வரை ஒன்றும் ஆகாது. பிடி தளர்ந்த இடத்தில் தண்டவாளம் பாம்புபோல வளைந்துவிடும்.

இதற்காக, எந்த வெப்பநிலையில் தண்டவாளத்தில் அழுத்தமே இருக்கக்கூடாது என்று ஒரு புள்ளியை முடிவு செய்து, அந்த நிலையில் இறுக்குகிறார்கள். பிரிட்டனில் அது 27 டிகிரி. 2022 ஜூலையில் அங்கே வரலாற்றில் முதல்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியபோது, ரயில்களை மெதுவாக ஓட்டவும் நிறுத்தவும் வேண்டியதாயிற்று. லூட்டன் விமான நிலையத்தில் ஓடுபாதையின் ஒரு பகுதியே மேலெழும்பியது. 40 டிகிரி நமக்குப் புதிதல்ல. நம் தண்டவாளங்கள் பிரிட்டனின் 27 டிகிரியைவிட உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்ப இறுக்கப்பட்டவை. ஒரு பொருள் உறுதியானதா இல்லையா என்பதை அதை எந்தப் பழைய காலநிலைக்கு அமைத்தோம் என்பது தீர்மானிக்கிறது. நமக்கும் ஒரு நாள் நம்முடைய எண்ணை மாற்ற வேண்டி வரும். அதுவரை கடும் வெயிலில் சுத்தியலும் ஸ்பேனருமாக நடந்து பாதையைப் பார்க்கும் கீமேன்களின் கண்தான் காவல். அவர்கள் அந்த வெயிலில் எத்தனை மணி நேரம் நடக்க முடியும் என்பதும் இந்தத் திட்டமிடலில் ஒரு பகுதி.

சாலையில் பிரச்சினை தார். கோடையில் அதன் மேற்பரப்பு காற்றைவிட 20 டிகிரிக்கு மேல் சூடாகும். இளகிய தாரில் கனரக லாரிகளின் சக்கரத்தடம் பள்ளமாகப் பதியும். அடுத்த மழையில் அந்தப் பள்ளத்தில் நீர் நிற்கும், தார் ஜல்லியைவிட்டுக் கழன்று குழியாகும். கெட்டியான ரகத் தாரைத் தேர்ந்தெடுப்பது இதற்குத் தெரிந்த தீர்வு.

கடலோரம்: பாம்பன் சொல்லும் வழி

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில் அலையில் அடித்துச் செல்லப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாம்பன் பாலத்தின் பெரும்பகுதியும் போனது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் அதைச் சீரமைத்தார்கள். தனுஷ்கோடிக்குப் பாதை திரும்பப் போடப்படவில்லை. இதையும் ஒரு தயாரிப்பாகவே பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் திரும்பக் கட்டுவது சரியான முடிவாகாது.

பிற்காலத்தில் பாம்பன் பாலத்தில் காற்றுமானி வைத்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகும். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலம் பழையதைவிட 3 மீட்டர் உயரம். உப்புக்காற்றைத் தாங்கத் துருப்பிடிக்காத கம்பியும் சிறப்புப் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள். உயரமும் பூச்சும் கோடிக்கணக்கில் செலவு. காற்றுமானியும் சிக்னலும் அதில் ஒரு துளி. உயிரைக் காப்பதில் அந்தத் துளியின் பங்கு பெரிது.

நிறுத்தத் தெரிந்தால் பாதி வெற்றி

1956 நவம்பர் 23 அதிகாலை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்திருந்தது தெரியாமல் அதன்மேல் ஏறியது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

2023 டிசம்பர் 17 இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. முன்னால் பாதை அரித்துக்கொண்டிருப்பதாக வந்த எச்சரிக்கைதான் காரணம். சிலரைப் பக்கத்துப் பள்ளிக்கு அழைத்துப்போனார்கள். மற்றவர்கள் சுற்றிலும் வெள்ளம் சூழ, நிலையத்திலேயே 19ஆம் தேதி வரை கிடந்தார்கள். பட்டினியும் பதற்றமுமாகப் போன இரண்டு நாள் அது. ஆனால் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டு முறையும் பாதை உடைந்தது. இரண்டாவது முறை, உடைந்த செய்தி ரயிலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி காலை, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதும் ரயில்களை நிறுத்தியதும் இதே முறைதான். ரயில்வே பாலத் தூண்களில் அபாய மட்டக் கோடு தீட்டியிருப்பார்கள். தண்ணீர் அதைத் தொட்டால் போக்குவரத்தை நிறுத்த வேண்டும் என்பது விதி; யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நம் சாலைப் பாலங்களிலும் தரைப்பாலங்களிலும் இப்படி ஒரு கோடும், அந்தக் கோட்டைத் தொட்டதும் சாலையை மூடும் பொறுப்புள்ள ஒரு ஆளும் எத்தனை இடத்தில் இருக்கிறார்கள்? வெள்ளம் போகும் தரைப்பாலத்தில் பைக்கை இறக்கி அடித்துச் செல்லப்பட்டவர்களின் செய்தி வராத பருவமழையே இல்லை.

எதை முதலில் செய்வது?

எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டப் பணம் இல்லை, தேவையும் இல்லை. உலக வங்கி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளரும் நாடுகளில் புதிய உள்கட்டமைப்பைப் பேரிடர் தாங்கும்படி அமைக்கக் கூடுதலாக ஆகும் செலவு மொத்தத்தில் சுமார் 3 சதவீதம். போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நான்கு ரூபாய் பலன். கட்டி முடித்த பிறகு திருத்துவது இதைவிட எவ்வளவோ செலவு. என் கணிப்பில் வரிசை இப்படி இருக்க வேண்டும்:

1. இருக்கும் கண்களைத் திறப்பது. ஒவ்வொரு சிறுபாலத்தையும் கணக்கெடுத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வாருவது. இதைவிட மலிவான தயாரிப்பு கிடையாது.

2. ஒரே வழியை நம்பியிருக்கும் ஊர்களையும் மருத்துவமனைச் சாலைகளையும் முதலில் பட்டியலிடுவது. 2023இல் திருச்செந்தூர்ப் பகுதி தனித்தீவானதுபோல எந்தெந்த ஊர் ஆகும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். எல்லாச் சாலைக்கும் சமமாகப் பணம் பிரிப்பது நியாயம்போலத் தோன்றும். வெள்ளத்தன்று அது யாருக்கும் உதவாது.

3. புதிய கட்டுமானத்துக்கு இரண்டு வெள்ளக் கணக்கு போடுவது. வடிவமைப்பு வெள்ளத்தில் சேதமே கூடாது. அதைவிடப் பெரிய ஒரு சோதனை வெள்ளத்தில் சேதம் வரலாம், ஆனால் தூண் விழக்கூடாது. வீட்டில் ஃபியூஸ் கம்பி வைப்பதுபோல, இணைப்புச் சாலையில் ஓர் இடத்தைத் தாழ்வாக விட்டு, அங்கே நீர் வழிந்தோடக் கான்கிரீட் தளம் போட்டு வைத்தால் பாலம் தப்பும். சாலையைச் சரிசெய்ய சில நாள் போதும். பாலத்துக்கு ஆண்டுகள் ஆகும்.

4. பழைய மழைப் பதிவோடு அண்மை ஆண்டுகளின் பெருமழையையும் சேர்த்து, வடிவமைப்பு எண்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் புதுப்பிப்பது.

உங்கள் ஊரில் புதிய பாலம் வந்தால் கேட்க வேண்டியவை

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "பாலத்தின் மதிப்பீடு எவ்வளவு" என்பதைத்தான் பெரும்பாலும் கேட்கிறோம். இனி இவற்றையும் சேர்த்துக் கேட்கலாம்:

1. இந்தப் பாலம் வினாடிக்கு எத்தனை கன அடிக்கு வடிவமைக்கப்பட்டது? அது எத்தனை ஆண்டு வெள்ளம்?

2. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரையான மழை, வெள்ளப் பதிவு பயன்பட்டது? பெருவெள்ளம் வந்த 2015, 2023, 2024 அதில் இருக்கிறதா?

3. மேலே அணை இருந்தால், அதன் அதிகபட்ச வெளியேற்றம் கணக்கில் எடுக்கப்பட்டதா?

4. அஸ்திவாரம், கணக்கிட்ட அரிப்பு ஆழத்துக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது? இணைப்புச் சாலையின் முனைகளில் கல் பதிப்பு மதிப்பீட்டில் உண்டா?

5. தண்ணீர் எந்த மட்டத்தைத் தொட்டால் பாலம் மூடப்படும்? அந்த இரவில் அதை மூடும் பொறுப்பு எந்தப் பதவியில் இருப்பவருக்கு?